கப்பலேறி வந்த மாப்ள

முப்பத்தாறாம் வருஷம் ஜூலை மாசம் ஒரு நாள், மதுரையில் ஒரு மிஷன் காலேஜ் ஹாஸ்டலில் சமையல்காரர் சோணை காலையிலிருந்து தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தார். சிலோனிலிருந்து அருமைத்துரை வருகிறார், இங்கே தங்கித்தான் இன்டர்மீடியட் படிக்கப் போகிறார், நல்லபடியாகச் சாப்பாடு போடு என்று வார்டன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். துரை என்றால் வெள்ளைக்காரத் துரை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? சோணை ஒரு பங்களா பட்லரிடம் கெஞ்சிக் கூத்தாடி முள்கரண்டி இரவல் வாங்கினார். முட்டை உடைத்து ஆம்லெட் போட்டார். எலும்பு வாங்கி சூப்பு வைத்தார். மிளகாயை மட்டும் அந்தப் பக்கமே அண்ட விடவில்லை.

மத்தியானம் குதிரை வண்டியில் வந்து இறங்கினான் ஒரு பையன். நம்ம ஊர்க் கறுப்பு. வேட்டி, அதற்கு மேலே ஒரு கோட்டு, கையில் தகரப் பெட்டி. கப்பல் ஆட்டமும் ரயில் ஆட்டமும் இன்னும் காலை விட்டுப் போகாததால் லேசாகத் தள்ளாடினான்.

"துரை எங்கப்பா? பின்னால வாராகளா?" என்று சோணை அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"நான்தான் அருமைத்துரை. பிலிப்பு அருமைத்துரை. யாழ்ப்பாணம்."

"அட கெரகமே! இதுக்கா நான் நாயாப் பேயா அலைஞ்சு முள்கரண்டி வாங்குனேன்!" என்று சோணை தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டாரே தவிர, அடுத்த நிமிஷம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆம்லெட்டில் கை நிறைய மிளகாயைக் கிள்ளிப் போட உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் தடதடவென்று ஒருத்தன் இறங்கி வந்தான். அவன் பெயர் யேசுதாஸ். சமயநல்லூர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் லாசரின் மகன். பிலிப்போடு ஒரே அறையில் இருக்கப்போகிறவன் அவன்தான். மெதுவாகப் பேசுவது என்பது அவன் வம்சத்திலேயே கிடையாது. வந்த வேகத்தில் பிலிப்பின் பெட்டியைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு, "வா மாப்ள! ஒனக்காகத்தேன் எல்லாரும் காத்துக் கெடக்கோம்!" என்றான்.

பிலிப்பு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

அவன் பயத்துக்குக் காரணம் உண்டு, கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் சிநேகிதனை யாரும் மாப்பிள்ளை என்று கூப்பிட மாட்டார்கள். அங்கே மாப்பிள்ளை என்றால் ஒரே ஒரு ஆள்தான். கோவிலில் மாலையோடு பெண்ணுக்குப் பக்கத்தில் முழங்காலில் நிற்கிறானே, அவன். போதாக்குறைக்கு, பிலிப்பின் குடும்பத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே ஒரு பிரளயத்தை நடத்தி முடித்திருந்தது. அவன் தகப்பன் மரியாம்பிள்ளை யாழ்ப்பாணம் பெரியகடை வீதியில் புடவைக்கடை வைத்திருந்தார். மூத்த மகனைத் திருச்சிக்குப் படிக்க அனுப்பினார். மகன் பட்டத்தோடு வருவான் என்று பார்த்தால், ஒரே வருஷத்தில் பெண்சாதியோடு கப்பலை விட்டு இறங்கினான். படிப்பும் போச்சு, ஊரில் பேசி வைத்திருந்த சம்பந்தமும் போச்சு. இப்போது அவன் கடையில் கெசக்கோலைப் பிடித்துக்கொண்டு காலை முதல் மாலை வரை சீட்டித்துணி அளக்கிறான்.

இளையவனை அனுப்ப அவர் சம்மதித்ததே பெரிய காரியம். தலைமன்னாரில் கப்பலேற்றும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கலியாணம் எண்ட சொல்லு உன்னைப் பற்றி என்ரை காதிலை விழுந்துதோ, அடுத்த கப்பலிலை நீ இஞ்சை வந்து நிக்கவேணும். கடையிலை ரெண்டாவது கெசக்கோல் ஒண்டு சும்மா கிடக்கு. மறந்துபோகாதை."

பிலிப்பு மாதா மேல் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தான். பண்ணிய சத்தியத்தின் ஈரம்கூடக் காயவில்லை, ஹாஸ்டல் வாசலிலேயே 'வா மாப்ள' என்கிறான் ஒருவன்!

ஆனால் ஊர் அவனைப் பயந்து சாக விடவில்லை. மதுரை அப்படிப்பட்ட ஊர். சாயங்காலம் யேசுதாஸ் அவனை இழுத்துக்கொண்டு மாசி வீதிகளைச் சுற்றினான். பூக்காரிகளின் மல்லிகை வாசனை ஒரு பக்கம், சுக்குப் போட்ட பருத்திப்பால் வாசனை ஒரு பக்கம். எந்தச் சந்துக்குள் நுழைந்து வெளியே வந்தாலும் தலைக்கு மேலே ஒரு கோபுரம் நின்றது. பருத்தியிலிருந்து பால் கறக்கிற ஊரை பிலிப்பு வாழ்நாளில் பார்த்ததில்லை. இரண்டு கோப்பை குடித்தான். காலேஜில் கெமிஸ்ட்ரி வகுப்பில் முதல் நாளே ஒரு கண்ணாடிக் குழாயை உடைத்தான். இரண்டாம் நாள் புட்பாலில் ஒரு கோல் போட்டான். கிணற்றடியில் பத்துப் பேரோடு சேர்ந்து குளித்தான். இந்த வாழ்க்கையை விட்டுவிட்டுக் கெசக்கோலைப் பிடிக்கிறதா?

பேச்சுத்தான் சிக்கல். தமிழிலிருந்து தமிழுக்குத்தானே வந்திருக்கிறோம் என்ற தைரியத்தில் கப்பலேறியவன் அவன். இங்கே வந்து பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் காலை வாரிவிட்டது. ஆமாம் என்பதற்கு அவன் ஊரில் 'ஓம்'. "சாப்பிட்டியா?" "ஓம்." "தூக்கம் வருதா?" "ஓம்." சோணைக்கு மண்டை காய்ந்தது. "கிறிஸ்தவப் புள்ளைன்னு சொன்னாக, வாயத் தொறந்தா மந்திரம்ல ஓதுது!" என்றார். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, "வாங்கோ, கொஞ்ச நேரம் கதைப்பம்," என்று பிலிப்பு பக்கத்து அறைப் பையன்களைக் கூப்பிட்டான். அவன் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது. இவர்களோ சிலோன்காரன் பேய்க்கதை சொல்லப்போகிறான் என்று பாயும் தலையணையுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பாவம், வேறு வழியில்லாமல் ஒரு பேயை அவனே உண்டாக்கி, பனைமரத்தில் ஏற்றி, நான்கு பேரை அடிக்க வைத்து அனுப்பினான்.

இதெல்லாம் சிரித்துத் தொலைக்கிற விஷயம். மாப்ள என்ற சொல் அப்படியில்லை. யேசுதாஸ் அதை நிறுத்தவே இல்லை. "எந்திரி மாப்ள", "சோப்பைக் குடு மாப்ள", "ஒரு வாய் ஊட்டி விடவா மாப்ள". பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். பிலிப்பு பதிலுக்கு யேசுதாஸை மச்சான் என்றான். அவன் ஊரில் சிநேகிதனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதில் சூதுவாது ஒன்றும் கிடையாது. யேசுதாஸும் ஈயென்று இளித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டான்.

யேசுதாஸிடமே நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அவனுக்கு ஒரு தங்கச்சி வேறு இருந்தாள். சூசையம்மாள் என்று பெயர். உன் தங்கச்சி வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? இந்த ஊரில் அவனுக்கு வாய்த்த ஒரே உயிர்ச் சிநேகிதன் யேசுதாஸ்தான். அதனால் பிலிப்பு சோணையிடம் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டான்.

"அண்ணே, மாப்பிள்ளை எண்டால் இஞ்சை என்ன?"

"மாப்ளைன்னா மாப்ளைதேன். பொண்ணு குடுக்குற வீட்டுல கூப்புடுறது," என்றார் சோணை, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கோழி அடிச்சுக் கொழம்பு வச்சு, எலை நெறையாப் போடுவாக. ஏன் தம்பி, ஒனக்கு யாரும் கோழி அடிக்கிறாகளா?"

பிலிப்பு இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு அறையைப் பார்க்க ஓடினான்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய் வந்த யேசுதாஸ் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "மாப்ள, வர்ற ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் நம்ம வீட்டுக்கு வாரோம். அம்மா ஒன்னையப் பாத்தே ஆகணும்ங்கிது. ஒன்னையப் பத்திச் சொன்னதுல இருந்து சூசை விழுந்து விழுந்து சிரிக்கிது. அப்பா எதோ பேசணும்ங்கிறாரு. கோழி அடிக்கப் போறாக!"

கோழி! பிலிப்பு கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

பட்ட காலிலே படும் என்பார்களே, அப்படிச் சனிக்கிழமை இன்னொன்று வந்து சேர்ந்தது. விளக்குத்தூண் பக்கத்தில் பீர் முகமது என்பவர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். மாசத்துக்கு ஒருமுறை சுங்குடிச் சேலையும் கைலியும் மூட்டை கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய், மரியாம்பிள்ளையின் கடையில் போட்டுவிட்டு வருகிறவர். பையனை ஒரு கண் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. பிலிப்பு அவர் கடையில் மரியாதையாக உட்கார்ந்து சர்பத் குடித்துக்கொண்டிருந்தபோது, தெருவோடு போன யேசுதாஸ் பார்த்துவிட்டான். சும்மா போவானா?

"மாப்ளேய்! நாளைக்கு மறந்துறாத! அம்மா சேவலைப் புடிச்சுக் கட்டிப் போட்டுருச்சு!"

பிலிப்புக்குச் சர்பத் புரை ஏறியது. பீர் முகமது அவனை மேலும் கீழும் பார்த்தார். ஆள் கொஞ்சம் குறும்புக்காரர், பையனைச் சீண்டிப் பார்க்கிற ஆசை வந்துவிட்டது.

"மாஷா அல்லா! மாப்ளை ஆகியாச்சா தம்பி? கோழி அடிக்கிற அளவுக்கு வந்தாச்சா? நாளன்னைக்குத் திங்கக்கெழமை நான் யாழ்ப்பாணம் போறேன். ஒங்க வாப்பாகிட்ட என்ன சொல்லட்டும்?"

"ஐயோ, ஒண்டும் சொல்லாதேங்கோ!"

"ஒண்ணுஞ் சொல்லாம எப்புடி? புள்ளை எப்புடி இருக்கான்னு மொதக் கேள்வியே அதுதானே கேப்பாரு. நாளைக்குப் போயிட்டு வந்து சொல்லுங்க. உள்ளதை உள்ளபடி சொல்லிடுவோம்," என்று மீசைக்குள் சிரித்துக்கொண்டு துணியை உதறினார். அந்தச் சிரிப்பு பிலிப்பின் கண்ணில் படவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த கெசக்கோல்தான் கண்ணில் பட்டது.

அப்புறமென்ன, நாளைக்கே முடித்துவிட வேண்டியதுதான். பிலிப்பு ஒரு பிரசங்கம் தயார் பண்ணினான். ஞாயிற்றுக்கிழமை வாடகை சைக்கிளில் யேசுதாஸ் மிதிக்க, பின்னால் கேரியரில் உட்கார்ந்துகொண்டு வழி நெடுக அதை முணுமுணுத்துக்கொண்டே போனான். வயல்களில் நாற்று பச்சைப் பசேலென்று நின்றது, காற்று சுகமாக அடித்தது. 'மேன்மை தங்கிய ஐயா அவர்களே, உங்கள் அன்புக்கு நன்றி...' அடுத்த வரி வருவதற்குள் சைக்கிள் ஒரு பள்ளத்தில் இறங்கும், வரி மறந்துபோகும். மறுபடியும் 'மேன்மை தங்கிய'.

"என்ன மாப்ள, ஜெபம் சொல்றியா?"

"ஓம்," என்றான் பிலிப்பு. அது உண்மைதான்.

சமயநல்லூரில் தெருவுக்குள் நுழையும்போதே பக்கத்து வீட்டு ராமக்காள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். "இன்னாசியம்மா! இதுதேன் அந்தச் சிலோன் மாப்ளையா? வெடவெடன்னுல்ல இருக்கு!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். பிலிப்பு யேசுதாஸின் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான்.

வீட்டில் ஒரு வினோதம். லாசர் வாத்தியாரும் அவர் மனைவி இன்னாசியம்மாளும் வரவேற்றார்கள், பாய் போட்டார்கள், விசிறி கொடுத்தார்கள். ஆனால் இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. வாத்தியார் பத்து வார்த்தைக்கு ஒரு தரம் தொண்டையைச் செருமினார். இன்னாசியம்மாள் பையனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் அளந்துகொண்டே இருந்தாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மட்டும் ஒரு தாவணி முனை தெரிந்தது. அவ்வப்போது களுக்கென்று ஒரு சிரிப்பு. அவள்தான் சூசையம்மாள்.

இலை போட்டாயிற்று. சோறு மலைபோல் குவிந்தது, மேலே கோழிக்குழம்பு. ஒவ்வொரு கரண்டி விழும்போதும் பிலிப்புக்கு ஒரு முடிச்சு விழுவதுபோல் இருந்தது. ஆனால் குழம்பு என்ன குழம்பு! நாக்கு ஒரு பக்கம் இழுத்தது, பயம் ஒரு பக்கம் இழுத்தது. முதலில் நாக்குத்தான் ஜெயித்தது. இரண்டாம் சோறு வாங்கிய பிறகுதான் அவனுக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது. இனியும் தாமதித்தால் காரியம் கெட்டுவிடும்.

யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளையைப் பெட்டை என்பார்கள். அது அங்கே சர்வ சாதாரணமான சொல். பிலிப்பு எச்சில் கையோடு தொடங்கினான்.

"அம்மா, உங்கட பெட்டையைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கவேணும்."

"பெட்டையா?" இன்னாசியம்மாள் இலையைப் பார்த்தாள். "இது பெட்டை இல்ல தம்பி, சேவலு. வெடச் சேவலா பாத்துத்தேன் அடிச்சேன். பெட்டை அடைகாக்குதுல்ல, அதை எப்புடி அடிக்கிறது?"

"அடைகாக்குதோ?" பிலிப்பு கதவிடுக்கில் தெரிந்த தாவணியைத் திகிலோடு பார்த்தான்.

"ஆமா, மூலையில கூடைக்குள்ள உக்காந்துருக்கு. கிட்டப் போனாக் கொத்திப்புடும்."

கதவுக்குப் பின்னால் ஏதோ ஒரு பாத்திரம் விழுந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் யாரோ முந்தானையை வாய்க்குள் திணிக்கிற சத்தம் கேட்டது. பிலிப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனது ஆகட்டும் என்று எழுந்து நின்றுவிட்டான். அதே நேரத்தில், சொல்லி வைத்ததுபோல் லாசர் வாத்தியாரும் தொண்டையைக் கடைசித் தடவையாகச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"மேன்மை தங்கிய ஐயா அவர்களே! நான் இப்ப கலியாணம் கட்டுறதா இல்லை!"

"தம்பி, தப்பா நெனைக்கக்கூடாது, நாங்க இப்பப் பொண்ணு குடுக்குறதா இல்ல!"

இரண்டும் ஒரே மூச்சில் வந்து நடுவீட்டில் மோதின. இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யேசுதாஸ் கையில் கோழிக்கால், வாயில் பாதி. "யாருக்குக் கலியாணம்?" என்றான்.

கதவு படாரென்று திறந்தது. சூசையம்மாள் வெளியே வந்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "அப்ப நானுஞ் சொல்லிப்புடுறேன். எனக்கும் வேணாம்!" என்றாள். "யாருமே கேக்காத கலியாணத்தை இம்புட்டுப் பேரு வேணாம்ங்கிறீகளே, ஒங்களுக்கே இது நல்லா இருக்கா?"

இன்னாசியம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கேக்காம என்னடி? ஒங்கண்ணனை மச்சான் மச்சான்னு கூப்புடுறாராம்ல! பொண்ணு இருக்குற வீட்டுப் பயலை ஒருத்தன் மச்சான்னு கூப்புட்டா அதுக்கு வேற என்ன அர்த்தம்? டீச்சர் டிரெய்னிங் ஸ்கூலுக்குப் போறேன்னு நீ ஒத்தைக் கால்ல நிக்கிற. பக்குவமாச் சொல்லிருவோம்னுதேன் கூப்புட்டு விட்டோம்."

"மச்சான் எண்டால் சிநேகிதன்!" பிலிப்பு அலறினான். "எங்கட ஊரிலை எல்லாரும் எல்லாரையும் மச்சான் எண்டுதான் கூப்பிடுறது! உங்கட மகன்தானே என்னை முதல் நாளே மாப்பிள்ளை எண்டவர்! ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டார்!"

இப்போது எல்லாரும் யேசுதாஸைப் பார்த்தார்கள். சூசையம்மாள் வாசலை எட்டிப் பார்த்தாள். வாசலில் மாட்டு வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. "அண்ணே, அந்த வண்டிக்காரரைக் கூப்புடு," என்றாள்.

யேசுதாஸ் பழக்க தோஷத்தில் வாசலைப் பார்த்துக் கத்தினான். "ஏ மாப்ள! உக்கிரபாண்டி!"

வண்டிக்காரர் திரும்பினார். மீசை முழுக்க நரை, மடியில் பேரப்பிள்ளை. "என்ன மாப்ள?" என்றார் அவரும்.

பிலிப்பு அந்த நரைத்த மீசையைப் பார்த்தான், யேசுதாஸைப் பார்த்தான். ஒரு பெரிய பாறாங்கல் அவன் நெஞ்சிலிருந்து உருண்டு விழுந்தது. "அப்ப... மாப்ளை எண்டாலும் மச்சான்தானோ?" என்று கேட்டான். கேட்டானோ இல்லையோ, வீடு அதிர்ந்தது. லாசர் வாத்தியார் இத்தனை நாள் வகுப்பில் பிரம்போடு நின்ற மனுஷர், சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி இருமிச் சிரித்தார். யேசுதாஸ் சோற்றிலேயே விழுந்துவிடுவான் போலிருந்தது. பெட்டை என்றால் என்ன என்பதும் பிறகு வெளியே வந்தது. "ஆத்தாடி! அப்ப எம்மகளையா நான் அடைகாக்குதுன்னேன்!" என்று இன்னாசியம்மாள் நெஞ்சில் கையை வைத்தாள். அப்புறம் அவளும் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் நிற்க முடியவில்லை.

"பெட்டையாம்ல பெட்டை," என்றாள் சூசையம்மாள், பிலிப்பின் இலையில் இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றிக்கொண்டே. "இருங்க, அடுத்த தடவை வாங்க. கோழி கெடையாது, அவிச்ச முட்டைதேன்."

"ஓம்," என்றான் பிலிப்பு. அவளை அப்போதுதான் முகத்துக்கு நேராகப் பார்த்தான். பார்த்ததும் தெரிந்தது, தயார் பண்ணி வந்த பிரசங்கத்தில் இப்போது ஒரு வரிகூட ஞாபகமில்லை என்று.

புறப்படும்போது எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். "போட்டு வாறன்," என்று பிலிப்பு பொதுவாகச் சொன்னான். கதவோரத்திலிருந்து, அவன் குரலிலேயே, "ஓம்," என்று பதில் வந்தது. இன்னாசியம்மாள் திரும்பி மகளை முறைத்தாள்.

திரும்பி வரும் வழியில் பிலிப்பு பறந்திருக்க வேண்டும். கண்டம் தப்பியது, படிப்பு மிஞ்சியது, இரண்டாவது கெசக்கோல் பிழைத்தது. முதல் கொஞ்ச தூரம் பறக்கவும் செய்தான், கேரியரில் உட்கார்ந்து பாட்டுக்கூடப் பாடினான். வைகைக் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியதும் மனசு மெல்ல இறங்க ஆரம்பித்தது. எனக்கும் வேணாம் என்று அவள் எவ்வளவு சட்டென்று சொல்லிவிட்டாள்! கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கக் கூடாதா? வேண்டாம் வேண்டாம் என்று பத்து நாளாக ஓடியவன் இவன். அவள் ஒரு தடவை வேண்டாம் என்றதற்கு இப்படி வலிக்கிறதே! இந்த மனசைக் கட்டி வைத்து உதைத்தால் என்ன?

"மன்னிச்சுக்கப்பா," என்றான் முன்னாலிருந்து யேசுதாஸ். "தெரியாமக் கூப்புட்டு ஒன்னைய ரொம்பப் பயமுறுத்திப்புட்டேன். இனிமே அந்த வார்த்தையே எடுக்க மாட்டேன், சத்தியம். பிலிப்புன்னே கூப்புடுறேன்."

சொன்னபடியே செய்தான். "கெட்டியாப் புடிச்சுக்க பிலிப்பு." "பசிக்கிதா பிலிப்பு?" ஒவ்வொரு பிலிப்பும் உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்து பிலிப்பு இரண்டு தடவை பதிலே சொல்லவில்லை.

விளக்குத்தூண் வரும்போது விளக்கு வைக்கிற நேரம். பீர் முகமது யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகிற மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். இருவரையும் பார்த்ததும் சணலைக் கீழே போட்டார்.

"வாங்க தம்பி! கோழி எப்புடி இருந்துச்சு?"

"சேவல்," என்றான் யேசுதாஸ். நடந்ததையெல்லாம் அவனே கையும் காலுமாக நடித்துக் காட்டினான். அடைகாக்கிற இடம் வந்ததும் பீர் முகமது மூட்டை மேலேயே சாய்ந்துவிட்டார்.

"அல்லா காப்பாத்தினான்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானும் நேத்து சும்மா வெளையாட்டுக்குத்தான் கேட்டேன் தம்பி. இப்ப சொல்லுங்க, காலையில கெளம்புறேன். வாப்பாகிட்ட என்ன சொல்லட்டும்?"

"நல்லாப் படிக்கிறான் எண்டு சொல்லுங்கோ."

"சொல்லிடுவோம்."

"நல்லாச் சாப்பிடுறான் எண்டும் சொல்லுங்கோ."

"அதையுஞ் சொல்லிடுவோம். இந்த மாப்ளை சமாச்சாரத்தையும் சொல்லிடவா? கேட்டா அவரும் நல்லாச் சிரிப்பாரு."

பிலிப்பு கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த கெசக்கோலைப் பார்த்தான். "அதை இப்ப சொல்லாதேங்கோ," என்றான்.

பீர் முகமதுவின் கை சணலோடு நின்றது. யேசுதாஸின் கை சைக்கிள் மணி மேல் நின்றது.

"இப்பவா?" என்றார் அவர்.

"இப்பன்னா?" என்றான் இவன்.

வாயிலிருந்து விழுந்த சொல்லை என்ன செய்ய முடியும்? பிலிப்புக்குக் காது இரண்டும் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு, "நான் படிச்சு முடிக்கவேணும். அவவும் டிரெய்னிங் முடிக்கவேணும். பேந்து, அதுக்குப் பிறகுதானே..." என்று ஆரம்பித்தவன், மேலே சொல்லத் தெரியாமல் நிறுத்திக்கொண்டான்.

யேசுதாஸ் அவனையே பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். சைக்கிள் அவன் கையை விட்டுச் சரிந்து ஜவுளி மூட்டை மேல் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பிறகு அவன் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"அடப்பாவி மாப்ளேய்!" என்று விளக்குத்தூண் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான்.

இது எந்த மாப்ள என்று பீர் முகமதுவும் கேட்கவில்லை, பிலிப்பும் கேட்கவில்லை.

"ஓம் மச்சான்," என்றான்.